ஞாயிறு மதியம் 3 மணிக்குப் பனி: வார இறுதி மலையேற்றத்துக்கு வானிலை பார்ப்பது எப்படி

கைபேசியில் சனிக்கிழமைக்கு ஒரு முழுச் சூரியன், ஞாயிற்றுக்கிழமைக்குப் பாதி சூரியன், பாதி மேகம். பையைக் கட்டிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்தப் படம் பள்ளத்தாக்கில் இருக்கும் ஊருக்கானது. காலையும் மதியமும் மாலையும் சேர்ந்து ஒரே படமாகச் சுருங்கியிருக்கிறது. உங்களுக்குத் தெரிய வேண்டியதோ, 3,600 மீட்டரில், கிழக்கு முகட்டில், காலை 9 மணிக்கு என்ன நடக்கும் என்பது.

பனியாறு, பாறை, முகடு எல்லாம் கலந்த ஆல்பைன் ஏற்றத்தில் "வானிலை நல்லதா?" என்ற கேள்விக்குப் பயனுள்ள பதில் கிடைக்காது. "எத்தனை மணி வரை, எந்த உயரத்தில்?" என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வேலை செவ்வாய்க்கிழமையே தொடங்குகிறது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். சிகரம் 3,600 மீட்டர். மலைக்குடில் 2,700 மீட்டர். சனிக்கிழமை குடிலுக்கு நடை, ஞாயிறு அதிகாலை ஏற்றம். குடிலிலிருந்து உச்சிக்கு ஐந்தரை மணி நேரம், உச்சியிலிருந்து ஆபத்தில்லாத இடத்துக்கு இறங்க 3 மணி நேரம்.

செவ்வாய்: பெரிய படம் மட்டும்

ஐந்து நாள் முன்னதாக மணிக்கணக்கு பார்ப்பது வீண். இப்போது பார்க்க வேண்டியது காற்றழுத்த வரைபடம். உயர் அழுத்தம் வந்து உட்காருகிறதா, அல்லது தாழ்வு நிலைகள் வரிசை கட்டி வருகின்றனவா? வார இறுதி இரண்டு தாழ்வு நிலைகளுக்கு இடையில் மாட்டினால், கிடைக்கும் இடைவெளி சில மணி நேரம்தான். அதன் தொடக்கமும் முடிவும் வெள்ளி வரை நகர்ந்துகொண்டே இருக்கும்.

இந்தக் கட்டத்தில் என்செம்பிள் முன்னறிவிப்பு உதவும். ஐரோப்பிய நடுத்தர கால வானிலை முன்னறிவிப்பு மையம் தன் மாடலை (வானிலையைக் கணக்கிடும் கணினி நிரலை) ஒரே முறை ஓட்டிவிட்டு நிறுத்துவதில்லை. தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றி 51 முறை ஓட்டுகிறது. அந்த 51 கோடுகளும் ஒரே வரைபடத்தில் வரும்போது, ஞாயிறு வரை அவை ஒன்றோடொன்று ஒட்டிப் போனால் நம்பலாம். வெள்ளிக்கிழமையிலேயே நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி விரிந்தால், எந்த ஆப் எவ்வளவு அழகான சூரியனைக் காட்டினாலும் அது ஊகம்தான்.

செவ்வாயன்றே இரண்டாவது திட்டம் ஒன்றையும் எழுதி வையுங்கள்: தாழ்வான, குறுகிய, எந்த இடத்திலிருந்தும் எளிதாக இறங்கக்கூடிய ஏற்றம். வெள்ளி இரவு அவசரமாக யோசித்தால் எல்லோரும் முதல் திட்டத்தையேதான் பிடித்துத் தொங்குவார்கள்.

புதன், வியாழன்: மாடல்கள் ஒத்துப்போகின்றனவா?

ஒரே மாடலை நாலு ஆப்பில் பார்த்துவிட்டு "நாலு பேர் சொல்கிறார்கள்" என்று நினைப்பது பலரும் செய்யும் தவறு. பெரும்பாலான இலவச ஆப்கள் ஐரோப்பிய மாடலையோ அமெரிக்காவின் ஜிஎஃப்எஸ் மாடலையோதான் வேறு வேறு வண்ணத்தில் காட்டுகின்றன. எந்த மாடல் என்று ஆப்பின் ஓரத்தில் எழுதியிருக்கும், பாருங்கள். இந்த இரண்டையும் ஜெர்மனியின் ஐகான் மாடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஒரு மாடலே நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். குளிர் முகப்பு (சூடான காற்றைத் தள்ளிக்கொண்டு வரும் குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு) ஞாயிறு இரவு வரும் என்று புதனன்று சொன்னது, வியாழனன்று மாலை என்கிறது, வெள்ளியன்று மதியம் 3 மணி என்கிறது. முன்னால் நகர்ந்துகொண்டே வரும் முகப்பு இன்னும் முன்னால் வரலாம் என்று எடுத்துக்கொள்வதே என் வழக்கம். இது விதி இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் சந்தேகப்படுவதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

வெள்ளி மாலை: உட்கார்ந்து படிக்க வேண்டிய நேரம்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வானிலை நிபுணர்கள் கைப்பட எழுதும் மலைப்பகுதி அறிக்கை உங்கள் மலைத்தொடருக்கு இருந்தால், முதலில் அதைப் படியுங்கள். "முகப்பு வரும் நேரம் உறுதியில்லை" என்று அவர் எழுதும் ஒரு வரி எந்தப் படத்திலும் கிடைக்காது. அதற்குப் பிறகு எண்களுக்கு வரலாம்.

முதல் எண், உறைநிலை உயரம். காற்றின் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொடும் உயரம் அது. ஊரின் வெப்பநிலையிலிருந்து கணக்குப் போடுவதைவிட இதிலிருந்து போடுவது சரியாக வரும். ஏனென்றால் பகலில் பள்ளத்தாக்கு தனியாகச் சூடாகும், இரவில் குளிர்ந்த காற்று அங்கேயே தேங்கி நிற்கும். மேலே போகப் போக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சராசரியாக 6.5 டிகிரி குறையும். உறைநிலை 3,000 மீட்டர் என்றால் நம் 3,600 மீட்டர் உச்சியில் ஏறக்குறைய மைனஸ் 4. மழை பனியாக மாறும் எல்லை பெரும்பாலும் உறைநிலைக்குச் சில நூறு மீட்டர் கீழே இருக்கும்.

இந்த எண் குளிரை மட்டும் சொல்வதில்லை, மலை எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்பதையும் சொல்கிறது. 2023 ஆகஸ்ட் 20-21 இரவில் சுவிட்சர்லாந்தின் வானிலைத் துறை பலூன் விட்டு அளந்தபோது உறைநிலை 5,298 மீட்டரில் இருந்தது. ஆல்ப்ஸின் மிக உயரமான சிகரமான மோன் பிளாங்கின் உயரமே 4,800 சொச்சம்தான். அதாவது ஆல்ப்ஸ் முழுவதும், உச்சி உட்பட, இரவிலும் பூஜ்யத்துக்கு மேல். இப்படிப்பட்ட நாட்களில் பாறைகளைப் பிடித்து வைத்திருக்கும் பனி விட்டுவிடும், கற்கள் உருளும், பனிப்பாலங்கள் (பனியாற்று வெடிப்புகளை மூடியிருக்கும் பனி) தளரும். 2022 ஜூலை 3 அன்று இத்தாலியின் மார்மொலாடாவில் பனியாற்றின் ஒரு பகுதி உடைந்து விழுந்து 11 பேர் இறந்தார்கள். அன்று வானம் தெளிவாகத்தான் இருந்தது. அதற்கு முந்தைய நாட்களில் அந்த மலையின் 3,343 மீட்டர் உச்சியில் வெப்பநிலை 10 டிகிரி வரை போயிருந்தது. சூரியன் படம் இருந்தால் நல்ல வானிலை என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் இதுதான்.

உறைநிலையோடு இரவு மேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். தெளிந்த இரவில் பனி தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிடும். காற்று பூஜ்யத்துக்குச் சில டிகிரி மேலே இருந்தாலும் பனியின் மேற்பரப்பு உறைந்துவிடும், அதிலும் காற்று உலர்வாக இருந்தால் நன்றாகவே உறையும். மேகம் மூடிய இரவில் போர்வை போர்த்தியது மாதிரி. காற்று மைனஸ் 1 என்றாலும் பனி சரியாக இறுகாது. இரண்டு இரவுகளுக்கும் முன்னறிவிப்பில் ஒரே வெப்பநிலை இருக்கலாம். காலையில் க்ராம்பான் (காலணியில் மாட்டும் இரும்பு முட்கள்) "கிர்ர்" என்று கடிப்பதற்கும் முழங்கால் வரை புதைவதற்கும் இடையிலுள்ள வித்தியாசம் அந்த மேகம்தான்.

இரண்டாவது, காற்று. இதைத்தான் புதியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். வேகம் இரண்டு மடங்கானால் உங்கள் உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சராசரி மணிக்கு 30 கிலோமீட்டர் வரை முகட்டில் சமாளிக்கலாம். 50 ஆனால் பேச்சு கேட்காது, கயிறு பக்கவாட்டில் பறக்கும், கத்தி முனை மாதிரியான முகட்டில் ஒவ்வொரு அடியும் தவணை முறையில்தான். 70க்கு மேல் நான் கிளம்புவதே இல்லை. குளிரையும் சேர்த்துப் பாருங்கள்: மைனஸ் 4 டிகிரியில் 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 13. மைனஸ் 10 என்றால் மைனஸ் 21.

எந்த உயரத்துக் காற்று என்று பார்க்க மறக்காதீர்கள். ஆப்பில் வழக்கமாக வருவது தரையிலிருந்து 10 மீட்டர் உயரக் காற்று. அதிலும் "தரை" என்பது மாடலின் தரை. ஐரோப்பிய மாடலின் கட்டம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் அகலம். அதற்குள் சிகரமும் பள்ளத்தாக்கும் சராசரியாகி, நம் 3,600 மீட்டர் சிகரம் மாடலுக்குள் பல நூறு மீட்டர் குட்டையாகிவிடும். அதனால் அழுத்த மட்டத்தில் காற்றைப் பாருங்கள்: 850 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) ஏறக்குறைய 1,500 மீட்டர், 700 என்றால் 3,000 மீட்டர், 500 என்றால் 5,500 மீட்டர். நம் சிகரத்துக்கு 700ஐப் பார்த்து, கணவாய்க்கும் முகட்டுக்கும் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். குறுகிய இடத்தில் காற்று பிழிந்து வேகமெடுக்கும்.

திசையும் முக்கியம். மலைத்தொடரின் ஒரு பக்கம் மேகம் முட்டி மழை கொட்டும்போது, மறுபக்கம் காற்று இறங்கிச் சூடாகி வெயில் அடிக்கும். ஆல்ப்ஸில் இதற்கு ஃபோன் என்று பெயர் (கையில் இருக்கும் ஃபோன் இல்லை). பள்ளத்தாக்கில் இதமான வெயில், முகட்டில் புயல் காற்று. ஊரிலிருந்து நிமிர்ந்து பார்த்து ஏமாறுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

மூன்றாவது, மழையும் பனியும். 1 மில்லிமீட்டர் மழை ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் புதுப்பனி. குளிர் அதிகமென்றால் இன்னும் கூட. 3 மில்லிமீட்டர் என்பது ஊரில் குடை எடுக்கக்கூட யோசிக்காத அளவு. வழுக்குப் பாறையில் 3 சென்டிமீட்டர் பனி என்றால், சாதாரணமாக ஏறும் இடம் இரண்டு படி கடினமாகிவிடும். அளவைவிட நேரம்தான் இங்கே பெரிது. நாள் முழுக்க 6 மில்லிமீட்டர் தூறுவது வேறு, மதியம் 2க்கும் 3க்கும் நடுவில் 6 மில்லிமீட்டர் விழுவது வேறு.

பிறகு இடி. வெயில் காலத்தில் முகப்பு எதுவும் இல்லாமலேயே மதியத்தில் மேகம் திரண்டு இடிக்கும். "30 சதவீத வாய்ப்பு" என்று போட்டிருந்தால் சிறிய எண்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். இடி எச்சரிக்கை உள்ள நாளில் எப்படிப் பார்த்தாலும் நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடும்படி திட்டமிடுங்கள்.

குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பனிச்சரிவு அறிக்கையைத் தனியாகப் படிக்க வேண்டும். ஐரோப்பிய அளவுகோலில் 5 நிலைகள். நிலை 3 என்றால் நடுவில்தானே இருக்கிறது என்று தோன்றும். சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு மரணங்களில் ஏறக்குறைய பாதி நிலை 3 அறிவித்த நாட்களில்தான் நடக்கின்றன. எண்ணைவிட, எந்தத் திசைச் சரிவில், எந்த உயரத்துக்கு மேல் என்று கீழே எழுதியிருக்கும் பகுதியைப் படியுங்கள்.

இன்னொன்று, நேரம். மாடல் வரைபடங்கள் உலகப் பொது நேரத்தில் வரும், ஆப்கள் உள்ளூர் நேரத்தில் வரும். ஒரு முறை ஒரு தளம் ஏற்கெனவே உள்ளூர் நேரத்துக்கு மாற்றித் தந்திருந்தது தெரியாமல் நான் இன்னொரு 2 மணி நேரத்தைக் கூட்டிக்கொண்டேன். மதியம் 2 மணிக்கு என்று நான் எதிர்பார்த்திருந்த முகப்பு சரியாக 12 மணிக்கு வந்தது. முன்னறிவிப்பில் ஒரு பிழையும் இல்லை. நாங்கள்தான் முகட்டின் நடுவில் இருந்தோம்.

பின்னோக்கிக் கணக்கு

இப்போது எண்களைத் தாளில் எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம். மனம் எப்போதும் உச்சிக்குச் சாதகமாகவே கூட்டும்.

குளிர் முகப்பு ஞாயிறு மதியம் 3 மணிக்கு. முகப்புகள் இரண்டு மூன்று மணி நேரம் முன்பின் ஆவது சாதாரணம், அதனால் 3 மணி நேரத்தைக் கழியுங்கள்: நண்பகல் 12. அந்த நேரத்துக்குள் ஆபத்தான பகுதி எல்லாம் உங்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். உச்சியிலிருந்து அங்கே வர 3 மணி நேரம். ஆக, உச்சியை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் காலை 9. ஏற ஐந்தரை மணி நேரம். குடிலை விட்டுக் கிளம்ப வேண்டிய நேரம் அதிகாலை 3:30. எழுவது 2:30க்கு.

இதில் தாளில் அடிக்கோடு போட வேண்டிய எண் 9. எங்கே இருந்தாலும், உச்சி 50 மீட்டரில் தெரிந்தாலும், 9 மணிக்குத் திரும்புவது. இதைக் கயிற்றில் கட்டிக்கொள்ளும் எல்லோரும் வெள்ளியன்றே ஒப்புக்கொள்ள வேண்டும். முகட்டில் நின்று வாக்கெடுப்பு நடத்தினால் முடிவு எப்போதும் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் வரும்.

அப்புறம் பாதையை மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்து இறங்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏறிய வழியே திரும்ப முடியாத இடம் ஒன்று பல முகட்டுப் பாதைகளில் இருக்கும். அதைத் தாண்டும் முன் வானத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் நிற்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்.

இந்தக் கணக்கில் எங்காவது இடித்தால், உதாரணமாக 12க்குப் பதில் 2 என்று வந்தால், செவ்வாய் எழுதிய இரண்டாவது திட்டத்தை எடுங்கள். கிளம்பும் நேரத்தை இன்னும் முன்னால் தள்ளிப் பார்ப்பதும் ஒரு வழி. ஆனால் நள்ளிரவு 1 மணிக்குப் புறப்பட்டவர்கள் காலை 8 மணிக்கு எவ்வளவு மெதுவாக நடப்பார்கள் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சனி: குடிலில்

குடிலுக்குப் போய்ச் சேர்ந்ததும் உயரமானியைக் குடிலின் சரியான உயரத்துக்குத் திருத்தி வையுங்கள்: 2,700. காற்றழுத்தத்தை அளந்துதான் அது உயரம் காட்டுகிறது. எனவே நீங்கள் நகராமல் இருக்கும்போது அது மாறினால், மாறியது அழுத்தம். இரவு 2:30க்கு எழுந்து, கண் பாதி திறந்த நிலையில், டார்ச் வெளிச்சத்தில் கைக்கடிகாரத்தைப் பாருங்கள். 2,705 காட்டினால் ஒன்றுமில்லை. 2,740 காட்டினால், நீங்கள் தூங்கும்போது குடில் 40 மீட்டர் ஏறவில்லை, அழுத்தம் 3 முதல் 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கியிருக்கிறது. முகப்பு எங்கோ வேகமெடுத்துவிட்டது.

அப்படியே வெளியே வாருங்கள். நட்சத்திரம் தெரிகிறதா? பனியைக் குதிகாலால் ஓங்கி ஒரு உதை. "டங்" என்று கால் வலித்தால் நல்ல செய்தி. குதிகால் உள்ளே போய்விட்டால், வெப்பநிலை என்ன சொன்னாலும் இரவு உறையவில்லை. பனிச்சரிவும் கல் வீழ்ச்சியும் உள்ள பாதையை அன்று விட்டுவிடுங்கள்.

முந்தின மாலை வானத்திலும் செய்தி இருக்கும். அகல்வட்டம் பகல்மழை என்பார்கள். உயரத்தில் மெல்லிய பனித்துகள் மேகம் பரவும்போது நிலவைச் சுற்றி வட்டம் விழும், அந்த மேகம் பல நேரம் வெப்ப முகப்புக்கு முன்னோடியாக வரும். பழமொழியை மட்டும் நம்பித் திரும்ப வேண்டாம். ஆனால் வட்டமும் தெரிந்து உயரமானியும் ஏறியிருந்தால் இரண்டு சாட்சிகள்.

குடில் காப்பாளரிடம் கேளுங்கள். அவர் காலை அறிக்கையைக் கேட்டிருப்பார். அதோடு, அந்தக் கணவாயில் மேகம் எந்தப் பக்கம் வழிந்தால் என்ன நடக்கும் என்பது அவருக்குப் பழக்கத்தில் தெரியும்.

ஞாயிறு: ஏறும்போது

இனி முன்னறிவிப்பு வானத்தில்தான். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு முறை, காற்று வரும் திசையைத் திரும்பிப் பாருங்கள். ஏறுபவர்கள் பார்ப்பது எப்போதும் மேலே, வானிலை வருவது பெரும்பாலும் முதுகுக்குப் பின்னால்.

சிகரத்தின் மேல் வழவழப்பான தட்டு மாதிரி மேகம் நகராமல் நின்றால் மேலே காற்று பலமாக இருக்கிறது. காலை 8 மணிக்கே கோட்டை மதில் போலச் சிறு சிறு கோபுரங்களோடு மேகம் தெரிந்தால் மதியம் இடிக்க வாய்ப்பு அதிகம், திரும்பும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னால் இழுங்கள். பள்ளத்தாக்கில் மேகம் கடல் மாதிரிப் பரந்து கிடந்து மேலே தெளிவாக இருந்தால் பயமில்லை. அந்தக் கடல் மட்டம் ஏறத் தொடங்கினால்தான் யோசிக்க வேண்டும்.

மின்னலைப் பார்த்ததும் எண்ணுங்கள். 3 விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, முகட்டை விட்டு இறங்கத் தொடங்கியிருக்க வேண்டும். முடி சிலிர்த்து, ஐஸ் ஆக்ஸ் (பனிக்கோடாலி) வண்டு மாதிரி ரீங்கரித்தால் அடுத்த மின்னலுக்கு நீங்கள்தான் விலாசம். உச்சி, முகடு, இரும்புக் கம்பி, ஏணி எல்லாவற்றையும் விட்டு உடனே விலகுங்கள். சிறிய பாறைக் குழிக்குள்ளோ தொங்கு பாறையின் விளிம்பிலோ ஒதுங்காதீர்கள், மின்னோட்டம் அந்த இடைவெளியைத் தாண்டிப் பாயும். ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, பை அல்லது கயிற்றுச் சுருளின் மேல் கால்களைச் சேர்த்துக் குந்துங்கள். ஆக்ஸைத் தூக்கி எறிய வேண்டாம். இறங்க அது வேண்டும்.

பார்வை மங்கினால் நேரம் இரட்டிப்பாகும். 2018 ஏப்ரல் இறுதியில் சுவிட்சர்லாந்தின் பின் தரோலா சிகரத்தின் அருகே பனிச்சறுக்குப் பயணக் குழு ஒன்று புயலில் வழி தவறி இரவு முழுக்க வெளியே மாட்டிக்கொண்டது. 7 பேர் இறந்தார்கள். அவர்கள் சேர வேண்டிய குடில் சில நூறு மீட்டர் தூரத்தில்தான் இருந்தது. வானிலை கெடும் என்பது முன்னறிவிப்பில் இருந்தது. எனவே தடத்தை ஜிபிஎஸ்ஸில் ஏற்றி வையுங்கள். கைபேசி குளிரில் அணைந்துபோகும், அதை உடம்போடு ஒட்டிய பையில் வைத்து, இன்னொரு கருவியை வேறொருவரிடம் கொடுங்கள். ஐந்து நிமிடம் முன்பு தெரிந்த அடுத்த அடையாளம் இப்போது தெரியவில்லை என்றால், கடைசியாகத் தெளிவாகப் பார்த்த இடத்திலிருந்தே முடிவெடுங்கள்.

இறங்கிய பிறகு

அன்று இரவே, தூக்கம் வருவதற்கு முன், இரண்டு வரி எழுதி வைக்கிறேன். ஒன்று முன்னறிவிப்பு சொன்னது, இன்னொன்று நடந்தது. என் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "முகப்பு: 15 மணி. வந்தது: 13:20. காற்று: 35. முகட்டில்: 50 இருக்கும், கணவாயில் இன்னும் மோசம். உறைநிலை: 3,000. பனி: 10 மணிக்கே குழைந்தது, இரவு மேகம். உச்சி: 8:50." அந்த மலைத்தொடரின் அந்தப் பக்கத்துக் கணவாயில் மேற்குக் காற்றுக்கு மாடல் எப்போதும் 15 கிலோமீட்டர் குறைத்துச் சொல்கிறது என்பது இப்படி ஏழெட்டுப் பக்கம் சேர்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது அங்கே போகும்போது வெள்ளி மாலையே அந்த 15ஐக் கூட்டிவிடுகிறேன்.